என் காரை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை

மாட்டுங்கா,
19-ஆம் தேதி, ஞாயிறு

சிரஞ்சீவி பஞ்சுவுக்கு அக்கா நாகலக்ஷ்மி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் க்ஷேமம், என் காரும் க்ஷேமம். காரின் க்ஷேமத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய நிலைமை வந்ததற்குக் காரணம் உன் வீட்டில்தான் இருக்கிறது.

போன வாரம் செம்பூர் சீமந்தத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டு, உன் மனைவி அம்மிணி நாலு பேர் காதில் விழும்படி, "பாவம், மாட்டுங்கா அக்கா தவணையே கட்டலையாம், காரை பாங்க்காரன் தூக்கிண்டு போயிட்டானாம்" என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை ஏழு மணிக்குள் எனக்கு மூன்று போன். மூன்றிலும் துக்கம் விசாரிக்கிற குரல். அவள் சொன்ன வாக்கியத்தில் உண்மையான சொல் 'மாட்டுங்கா' ஒன்றுதான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவளுக்கு நீ உரக்கப் படித்துக் காட்டு.

உன் அத்திம்பேர் இந்தக் காரை வாங்கியபோது ஷோரூம்காரன் சீட் கவர் இலவசம் என்றான். அந்தச் சந்தோஷத்தில் வட்டி எவ்வளவு என்று கேட்காமல், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் என்னையும் போடச் சொன்னார். பன்னிரண்டேகால் சதவீதம். அவர் போய் ஒன்றரை வருஷமாகிறது. மாதாமாதம் ஐந்தாம் தேதி என் பென்ஷனிலிருந்து தவணை போகிறது, ஒரு தடவை தவறியதில்லை. அப்படியிருக்க, எங்கள் கீழ்வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினான், வட்டி ஒன்பது என்று லிஃப்டில் சொல்லிக்கொண்டு வந்தான். பெண்கள் நிற்கும்போது தான் முதலில் லிஃப்டில் ஏறுகிற மனுஷன். அவனுக்கு ஒன்பது, எனக்குப் பன்னிரண்டேகாலா? வட்டி என்பது பாங்க் ஒருவரை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு அளவு. மறுநாளே காரை எடுத்துக்கொண்டு மாஹிமில் ஒரு பாங்குக்குப் போனேன்.

அங்கே இருந்தவள் சஃப்ரீன் என்கிற பெண். தாராவியில் வீடு, தமிழ் நன்றாகப் பேசுகிறாள், படிக்கத் தெரியாது. "ஆன்ட்டி, ரொம்ப ஈஸி. உங்க பழைய லோனை நாங்க எடுத்துக்குவோம். வட்டி ஒன்பது, வருஷம் ஒண்ணு கூட்டிக்கலாம், மாசம் ரெண்டாயிரம் குறையும். இந்த ரேட்டு முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும்தான். பழைய கம்பெனியில ஃபோர்குளோஷர் லெட்டர் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க. பஸ், காம் ஹோ கயா, வேலை முடிஞ்சுது" என்றாள்.

பதினோரு வருஷம் கான்வென்டில் படித்தவளிடம் ஃபோர்குளோஷர் என்கிற சொல்லைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து அத்திம்பேரின் பெரிய டிக்ஷனரியை எடுத்துப் பார்த்தேன். நான் நினைத்தது சரி. கடனைக் கட்டாதவன் சொத்தை, கடன் கொடுத்தவன் பறித்துக்கொள்வதற்குத்தான் ஃபோர்குளோஷர் என்று பெயர். அப்படியானால் பழைய கம்பெனிக்காரன் என் காரைப் பறிக்கத் திட்டம் போட்டிருக்கிறான், அது இந்தப் பெண்ணுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது! உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு மெஷின் பேசியது: ஃபோர்குளோஷர் வேண்டுமானால் நான்கை அழுத்தவும். தினம் எத்தனை குடும்பத்தில் பறித்தால் அதற்கென்று தனியாக ஒரு நம்பரே ஒதுக்கியிருப்பார்கள்! எப்போது வருகிறான் என்று கேட்டுவிடலாம் என்று அழுத்தினேன். ஒரு பையன் கடன் நம்பரைக் கேட்டுக்கொண்டு, "பிராசஸ் ஆரம்பிச்சாச்சு மேடம், ஏழு நாள்ல முடிஞ்சுடும்" என்றான், ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி.

ஏழு நாள் எதற்கு? மத்தியானமே காரை எடுத்துக்கொண்டு தாராவியில் செல்வத்தின் ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டேன். காரைப் பார்த்துக்கொள்வது எப்போதும் அவன்தான். திருநெல்வேலிப் பக்கம், மரியாதை தெரிந்தவன்.

"என்னம்மா, வண்டிக்கு என்ன செய்யுது?"

"வண்டிக்கு ஒண்ணுமில்லை. பத்து நாள் யார் கண்ணிலயும் படப்படாது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "யாரையும் இடிச்சிட்டியளாம்மா?"

"சீ!"

"தப்பா நெனைக்காதிய. இடிச்சிருந்தாலும் நான் இருக்கேன், கவலப்படாதிய."

நாலே நிமிஷத்தில் தார்ப்பாயைப் போட்டு மூடி, நான் கேட்காமலே நம்பர் பிளேட்டையும் கழற்றிவிட்டான். யாராவது வந்து விசாரித்தால் இல்லை என்று சொல்லிவிடு என்றேன். "வண்டியா? எந்த வண்டி?" என்றான் அப்போதே.

இதற்கப்புறம் நடந்ததில் என் தப்பு எதுவும் இல்லை. கம்பெனிக் கடிதம் ஒரு கவரில் வந்தது. விலாசம் தெரிவதற்காக முன்னால் கண்ணாடித் தாள் ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரிக் கவர். அதன் வழியாக விலாசத்தோடு ஃபோர்குளோஷர் என்கிற கொட்டை எழுத்தும் தெரிந்தது. எங்கள் பில்டிங் சொசைட்டி செக்ரட்டரி அந்தக் கவரைப் பார்த்தார், கீழே கார் நிற்கிற இடம் காலியாக இருப்பதையும் பார்த்தார், இரண்டையும் கூட்டினார். கவரை என்னிடம் இரண்டு கையாலும் கொடுத்து, "ஆன்ட்டிஜி, குச் மதத் சாஹியே தோ போல்னா" என்றார். நான் அவரிடம் ஒரு உதவியும் கேட்கவில்லை, கதவைச் சாத்தினேன். சொசைட்டி ரிஜிஸ்தரில் அவசரத்துக்குக் கூப்பிட உன் நம்பர் இருக்கிறது. அவர் அதில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்; அப்படித்தான் சேதி டோம்பிவிலியில் உன் வீட்டுக்கு வந்தது. உன் அக்காவையே ஒரு போன் போட்டுக் கேட்க உனக்குத் தோன்றவில்லை. அம்மிணிக்குச் சொல்லத் தோன்றியது.

நடுவில் சஃப்ரீன், காரைப் பார்த்து மதிப்புப் போட அப்ரார் என்று ஒருவனை அனுப்பியிருக்கிறாள். எங்கள் வாட்ச்மேன் அவனிடம், காரை பாங்க்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்றிருக்கிறான். "நானே பாங்கிலேர்ந்துதானே வர்றேன்" என்று அப்ரார் குழம்பிப்போய் சஃப்ரீனுக்குப் போன் செய்ய, அவள் எனக்குப் போன் செய்தாள். புது பாங்க்தானே, சொன்னால் பாதகமில்லை என்று செல்வத்தின் விலாசத்தைக் கொடுத்தேன். செல்வத்திடம் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். அப்ரார் போய்க் கேட்டதும் அவன், "வண்டியா? எந்த வண்டி?" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறான். வெயிலில் வந்த மனுஷன் என்று டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அப்ரார் பக்கத்தில் தார்ப்பாய் போட்டிருந்த ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு டீயைக் குடித்தபடியே, வாகனம் கிடைக்கவில்லை என்று ரிப்போர்ட் எழுதி அனுப்பிவிட்டான். சாய்ந்துகொண்டது என் கார்மேல்.

அன்று சாயந்திரம் சஃப்ரீன் நேரிலேயே வந்துவிட்டாள். கவரைப் பிரித்துப் படித்தாள். "ஆன்ட்டி, கார் எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க? டைமுக்கு முன்னாடியே நீங்க கடனை அடைக்கிறீங்க இல்ல, அதுக்குப் பேருதான் ஃபோர்குளோஷர்."

"அது தப்பான இங்கிலீஷ்."

"எல்லா பாங்க்லயும் அதையேதான் சொல்றாங்க ஆன்ட்டி."

"எல்லாரும் சேர்ந்து சொன்னா தப்பு ரைட்டாயிடுமா?"

"பாங்க்ல ஆயிடும் ஆன்ட்டி."

நல்ல பெண்தான். ஆனால் ஒரு தப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அவள் கொண்டுவந்த படிவத்தில் மூன்று இடத்தில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'குறித்த காலத்துக்கு முன் கடனைத் தீர்த்தல்' என்பதற்குச் சரியான இங்கிலீஷை எழுதிக் கொடுத்தேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று படிவம் திரும்பி வந்தது. அதில் இரண்டு நாள் போயிற்று.

காரைத் திருப்பிக் கொண்டுவந்தேன். வெள்ளிக்கிழமை அப்ரார் மறுபடி வந்து, அடியில் பொறித்திருக்கும் நம்பரைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும் என்று காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டான். நாலு மாடி ஜனமும் பால்கனியில். "இந்தத் தடவை பார்ட் பார்ட்டா கழட்டிண்டு போறான் போலிருக்கு" என்று மேலிருந்து ஒரு குரல். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி பாக்கி ஒரே ஒரு சின்ன விஷயம். எழுபது வயது தாண்டியவர்கள் கடன் மாற்றினால், வேலையில் இருக்கும் ரத்த உறவு ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்படி யாரும் எனக்குத் தேவையில்லை என்று சஃப்ரீனிடம் சொல்லிவிட்டேன். இரண்டாயிரம் ரூபாய் எனக்குப் பெரிதில்லை, நான் பார்ப்பது நியாயத்தை. ஒரு கையெழுத்துக்காக இன்னொருவர் வாசலில் போய் நிற்க மாட்டேன். அதிலும், அத்திம்பேரின் பதிமூன்றாம் நாள் சுபம் ஆன அன்றைக்கே, "காரை வித்துடு அக்கா, இந்த வயசுல ஓட்டறது ரிஸ்க்" என்று சொன்ன தம்பியின் வாசலில் நிச்சயமாக நிற்க மாட்டேன்.

அம்மிணி தான் சொன்னது தப்பு என்று, செம்பூர் பந்தியில் கேட்ட அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டும். உனக்கும் அவளுக்கும் தீர்க்காயுசு. குழந்தைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாகலக்ஷ்மி

பின்குறிப்பு: இதை அம்மிணிக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உள்ளே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இரண்டாயிரம் பெரிதில்லை என்று மேலே எழுதியது உண்மையில்லை. அத்திம்பேர் போய் பென்ஷன் பாதியாகிவிட்ட பிறகு, தவணை போக மிஞ்சுவதில் பெட்ரோலுக்கு வழியில்லை; இந்த மாதம் கார் ஓடியது இந்த அலைச்சலுக்கு மட்டும்தான். தவணை குறையாவிட்டால் நீ சொன்னபடி விற்க வேண்டியிருக்கும். எனக்கு விற்க மனமில்லை, பஞ்சு. நீ ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, உன் கையெழுத்து செல்லும் என்று சஃப்ரீன் சொல்கிறாள். நான் அவளிடம் பொதுவாகத்தான் கேட்டேன். பென்சிலால் குறி போட்டிருக்கிற இரண்டு இடத்தில் போட்டால் போதும். நான் தவணை தவறினால் அது உன்னிடம் வரும். அதைத் தெரிந்துகொண்டே போடு. முடியாது என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். எதுவானாலும் இருபத்தெட்டாம் தேதிக்குள் எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.