நாற்பது சென்டிமீட்டர் நடுநிலை

ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்ட அன்று கில்டோரன் ஊரில் நாற்பது வீடுகளும் ஒரு கடையும் ஒரு சமூகக் கூடமும் ஒரு குழியும் இருந்தன. இவற்றில் குழி மட்டும்தான் புதிது.

அது சமூகக் கூடத்தின் வாசலுக்கு நேர் எதிரே, ஊருக்குள் வரும் ஒரே சாலையில், சரியாகச் சக்கரம் ஓடும் தடத்தில் இருந்தது. அகலம் நாற்பது சென்டிமீட்டர். சாலைக்கு ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கடல். எந்த வண்டி வந்தாலும் ஒரு சக்கரமாவது குழிக்குள் இறங்கி நலம் விசாரித்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.

ஊருக்கே அது பொதுக் கஷ்டம். முர்டினா மாத்திசனுக்கு மட்டும் சொந்தக் கஷ்டம். அவள் கணவன் ஹெக்டரை மார்ச் மாதம் அவனுடைய கிடாவே முட்டித் தள்ளி, இடுப்பெலும்பு போய்விட்டது. நகரத்து ஆஸ்பத்திரியில் புது இடுப்பு பொருத்தினார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி, "வீட்டுக்குப் போகலாம், ஆனால் வழியில் ஒரு குலுக்கல்கூடக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி அறுபது மைல் அலுங்காமல் வந்து, குழிக்கு இந்தப் பக்கம் நின்றது. அந்தப் பக்கம் முர்டினா நாயோடு நின்றாள். ஓட்டுநர் இறங்கி, சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்துக் குழியின் ஆழத்தை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். வந்த வழியே பின்னோக்கி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வண்டிக்குள் மல்லாந்து படுத்திருந்த ஹெக்டருக்கு நாய் குரைத்தது மட்டும் கேட்டது.

அது ஆடுகள் ஈனும் பருவம். எண்பது தாய் ஆடுகளையும் முர்டினா ஒற்றை ஆளாகப் பார்க்க வேண்டியதாயிற்று. உடம்பு அலுத்துப்போனதைவிட, பக்கத்தில் நின்று குற்றம் சொல்ல ஆள் இல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் வீட்டில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. கொட்டகையில் கோழித் தீவனத்துக்குப் பக்கத்தில் நாலு கறுப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து தலையை ஜன்னல் பக்கம் சாய்த்தால் இரண்டு கோடு வரும். அங்கிருந்துதான் தினமும் ஹெக்டரோடு பேசுவாள்.

"கறுப்பு மூஞ்சிக்காரி ஈன்னுட்டாளா?" என்பான் அவன்.

"ரெட்டைக் குட்டி. ஒண்ணைச் சேர்த்துக்க மாட்டேங்கிறா. அடுப்புப் பக்கத்துல பெட்டியில வச்சிருக்கேன்."

"நீ அவளை மிரட்டியிருப்ப."

"இங்க வந்து நீயே கொஞ்சு. யாரு வேண்டாங்கிறா?"

"நானா வேண்டாங்கிறேன்? குழியில்ல வேண்டாங்குது!"

அந்த வருஷம் வேட்பாளர்களிடையே புது நாகரிகம் ஒன்று பரவியிருந்தது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது பழசாகிவிட்டது. சாலைக் குழியின் பக்கத்தில் நின்று, அதை நோக்கி விரல் நீட்டி, முகத்தில் துயரம் காட்டிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். விரல் நீட்டாத வேட்பாளரை மக்கள் நம்புவதில்லை என்று யாரோ தலைநகரில் கண்டுபிடித்திருந்தார்கள். தொகுதியில் ஐந்து பேர் போட்டியிட்டார்கள். பின்னணியில் கடலோடு கூடிய குழி கில்டோரனில் மட்டும்தான் இருந்தது.

முதலில் அலஸ்டர் க்ரைட்டன் வந்தார். நெஞ்சில் தட்டு அகலத்துக்குக் கட்சி நிறத்தில் ரிப்பன் பூ. கூட வந்த படக்காரப் பெண் அவரை ஆட்டுவித்தாள்.

"இன்னும் வருத்தமாப் பாருங்க சார். ஐயோ, இது சாவு வீட்டு வருத்தம். எனக்குக் குழி வருத்தம் வேணும். லேசாக் கோபம் கலந்து."

முர்டினா பக்கத்தில் போனாள். "சார், இந்தக் குழியால என் புருஷன் ஆஸ்பத்திரியிலயே கிடக்கிறாரு."

"கேட்கவே நெஞ்சு பதறுது அம்மா. கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? உங்க நிழல் குழி மேல விழுது."

இரண்டாவதாக டகல் ரூத்வென் வந்தார். அவர் மண்டியிட்டு விரல் நீட்டினார். மூன்றாமவர் குழிக்குள்ளேயே காலை வைத்தார். நான்காமவர் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தைக் கொண்டுவந்து குழித் தண்ணீரில் மிதக்கவிட்டார். ஐந்தாவதாக வந்த டாக்டர் இமோஜன் ஸ்ட்ராங் பூதக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார். கூட்டம் கூடக் கூட, எஃபியின் கடையில் ஸ்கோன் ரொட்டி காலை பத்தரைக்கே தீர்ந்தது.

"ஹெக்டர் பாவந்தான் முர்டினா," என்றாள் எஃபி, கடை வாசலில் இரண்டு கறுப்பு மூட்டைமேல் போட்டிருந்த பலகையைத் துடைத்தபடி. "ஆனா குழியைக் குத்தம் சொல்ல மாட்டேன். ராசியான குழி."

முர்டினா மூட்டைமேல் ஏறி நகராட்சிக்குப் போன் போட்டாள். சாலைப் பிரிவின் தேர்தல் கால நடுநிலை அலுவலர் திரு. லெஸ்லி பிட்கெத்லி பேசினார்.

"உங்க குழி விஷயமா இந்த அலுவலகம் ஆழ்ந்த கவலையில இருக்கு, திருமதி மாத்திசன். ஆனா தேர்தல் கால நடுநிலை அமலுக்கு வந்துடுச்சு. இப்ப மூடினா, மூடுறேன்னு வாக்குக் குடுத்த வேட்பாளருக்குச் சாதகமாப் போயிடும்."

"அஞ்சு பேரும்தானே குடுத்திருக்காங்க?"

"நாலு பேர். டாக்டர் ஸ்ட்ராங் மட்டும், குழி எதனால உண்டாச்சுன்னு விசாரணைக் குழு வைப்பேன்னு சொல்லியிருக்காங்க. குழியை மூடிட்டா அவங்க எதை விசாரிப்பாங்க? அவங்க உரிமை என்ன ஆகிறது?"

"என் புருஷன் இடுப்பு என்ன ஆகிறது?"

"இடுப்பு சுகாதாரத் துறைங்க. நாங்க சாலை."

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கில்டோரனில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வரும். மூன்று நாளில் குழி அறுபத்திரண்டு சென்டிமீட்டராக வளர்ந்தது. இனியாவது அதிகாரிகள் அசைவார்கள் என்று முர்டினா நினைத்தாள். அவள் நினைத்தபடியே பிட்கெத்லி நேரிலேயே வந்துவிட்டார். குழியை அளந்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இது பெரிய அநீதி," என்றார்.

"அப்பாடா! இப்பவாச்சும் புரிஞ்சுதே."

"க்ரைட்டன் படம் எடுத்தப்போ நாற்பது. இன்னும் ரெண்டு பேர் மறுபடி படம் எடுக்க நேரம் கேட்டிருக்காங்க. அவங்களுக்கு அறுபத்திரண்டு கிடைச்சுடும். பெரிய குழிப் பக்கத்துல நின்னா ஆளும் பெரிய தலைவரா தெரிவார். இதை அனுமதிக்கவே முடியாது."

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி, உருளை, கொதிக்கும் தார், நாலு ஆட்கள் எல்லாம் வந்து இறங்கின. ஓரங்களில் சரியாக இருபத்திரண்டு சென்டிமீட்டர் அடைத்து, நடுவில் நாற்பதைப் பத்திரமாக விட்டுவிட்டு, சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டார்கள். மழை மறுபடி ஓரத்தை அரித்தது. அடுத்த நாள் காலை மறுபடி வந்தார்கள். வாரம் முழுக்க இதே வேலை.

முர்டினா மேஸ்திரியிடம் போய் நின்றாள். "சுத்தி அடைக்கிறீங்களே, கையோட நடுவுலயும் ஒரு சட்டி ஊத்தினா என்ன?"

"அது பழுதுபார்ப்பு அம்மா. அதுக்குத் தடை இருக்கு. இது பராமரிப்பு." மேஸ்திரி மண்வெட்டிமேல் சாய்ந்துகொண்டார். "முப்பது வருஷமா ரோடு போடுறேன். குழியைப் பராமரிக்கிறது இதுதான் முதல் தடவை. ஓரம் எப்படி வந்திருக்கு பாருங்க."

ஓரம் உண்மையிலேயே நன்றாகத்தான் வந்திருந்தது. அதைக் கண்டதும் முர்டினாவுக்கு அழுகை வந்தது.

தேர்தலுக்கு முந்தின வாரம் சமூகக் கூடத்தில் ஐந்து வேட்பாளர்களும் ஒரே மேடையில் ஊர்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கூட்டம் நடந்தது. கடல் காற்று கதவை அறையாமல் இருக்க, வழக்கம்போல இரண்டு கறுப்பு மூட்டைகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள். முர்டினா எழுந்தாள்.

"ஒரே கேள்வி. குழியை எப்ப மூடுவீங்க?"

"வெற்றி பெற்ற முதல் நூறு நாளுக்குள்ள," என்றார் க்ரைட்டன்.

"நான் தொண்ணூத்தொன்பது நாள்ல," என்றார் ரூத்வென். "அதுவும்போக, இந்தக் குழியை முதல்ல கவனிச்சது நான்தான். க்ரைட்டன் என் குழியைத் திருடிட்டார்."

"உங்க குழியா? மண்டி போட்டா சொந்தமாயிடுமா?"

"வாத்து விட்டது யாரு? மக்கள் வாத்தை மறக்கல!" என்றார் நான்காமவர்.

"மூடுறதுக்கு என்ன அவசரம்?" என்றார் டாக்டர் ஸ்ட்ராங். "குழிக்கும் ஒரு தரப்பு இருக்கு. அதைக் கேட்க வேண்டாமா?"

இதற்குத்தான் பலத்த கைதட்டல் விழுந்தது. முர்டினா கேட்ட கேள்வி எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தவள், தாய் ஒதுக்கிய குட்டியின் பெட்டியைச் சுத்தம் செய்தாள். அடியில் விரித்த காகிதம் நனைந்திருந்தது. தபாலில் வந்த ஐந்து வேட்பாளர்களின் துண்டறிக்கைகளையும் எடுத்து விரித்தாள். ஐந்திலும் ஐந்து விரல்கள், ஒரே குழி. குட்டி அதன்மேல் படுத்துச் சுகமாகத் தூங்கியது. முர்டினா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அலமாரியிலிருந்த வாக்காளர் அட்டையை எடுத்துப் படித்தாள். வாக்குச்சாவடி: கில்டோரன் சமூகக் கூடம்.

ஓட்டமாக ஓடி மூட்டைமேல் ஏறினாள்.

"திரு. பிட்கெத்லி, வாக்குச்சாவடி வாசல்ல பிரசாரப் பொருள் இருக்கலாமா?"

"கூடவே கூடாது! வாக்காளர் கண்ணில் படவே கூடாது. எங்க இருக்கு? யார் வச்சது?"

"அஞ்சு பேர் நோட்டீஸ்லயும் இருக்கிற பொருள். வாசலுக்கு நேரா கிடக்கு."

"கிழிச்சு எறிஞ்சுடுங்க."

"கிழிக்க முடியாது. அது குழி."

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

"ஒரு தார்ப்பாய் போட்டு மறைச்சா?" என்றார் கடைசியில், ஈனக் குரலில்.

"தார்ப்பாய் மேல கால் வச்சு வாக்காளர் உள்ள விழுந்தா, அது எந்தக் கட்சிக்குச் சாதகம்?"

"கடவுளே," என்றார் பிட்கெத்லி.

புதன்கிழமை காலை உத்தரவு வந்தது. அதில் மூடுவது, பழுதுபார்ப்பது என்ற பேச்சே இல்லை. 'வாக்குச்சாவடியின் முன் காணப்படும் அனைத்துக் கட்சிப் பிரசாரப் பொருளை முழுமையாக அப்புறப்படுத்துதல்' என்று மட்டும் இருந்தது. மேஸ்திரி இருபது நிமிடத்தில் அப்புறப்படுத்திவிட்டார்.

வியாழக்கிழமை, தேர்தல் நாள். ஆஸ்பத்திரி வண்டி அலுங்காமல் கூடத்து வாசலில் வந்து நின்றது. ஹெக்டர் இரண்டு ஊன்றுகோலோடு இறங்க, நாய் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடியது. முர்டினா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். மறைப்புக்குப் பின்னால் பென்சிலோடு நின்ற முர்டினாவுக்கு ஐந்து பெயர்களில் எது யாருடையது என்று நினைவுக்கு வரவில்லை. விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. கடைசியில் வாத்துக்காரர் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று குத்துமதிப்பாக ஒரு சிலுவைக் குறி போட்டாள்.

வாசலுக்கு வந்ததும் ஹெக்டர் சாலையைத் தேடினான். "எங்க அந்தக் குழி?"

"இதோ, இந்த வெள்ளைக் கோட்டுக்குள்ள இருக்கிற கறுப்புத் திட்டு."

"இதுவா? தொப்பி அகலம்கூட இல்லையே! அஞ்சு பெரிய மனுஷங்க வந்து பாத்துட்டுப் போற குழின்னா மாட்டையே முழுங்கும்னு நினைச்சேன். அன்னிக்கு மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன், கண்ணுல படல. நீயும் அளவைச் சொல்லல."

"நாற்பதுன்னு ஊருக்கே தெரியுமே!"

வீட்டுக்குப் போனதும் அவன் முதலில் குட்டியைப் பார்த்தான். பிறகு கோழிகளைப் பார்க்கக் கொட்டகைக்குள் நொண்டிக்கொண்டே போனான். கொஞ்ச நேரத்தில், அவன் அவளைக் கூப்பிடும் செல்லப் பெயரில், அங்கிருந்து குரல் வந்தது.

"டைனா, இங்க வா. இது என்ன?"

"அதுவா? என் போன் நாற்காலி."

நாலு மூட்டைகளும் நடுவில் அவள் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தன. ஹெக்டர் ஊன்றுகோலால் மேல் மூட்டையைப் புரட்டினான். அடிப்பக்கத்தில், கண்ணாடித்தாள் உறைக்குள், ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர்காலத் தேதி. முர்டினா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"அன்புள்ள குடியிருப்பாளரே, வீட்டுக்கு நான்கு மூட்டை வீதம் கில்டோரனின் நாற்பது வீடுகளுக்கும் தார்க் கலவை வழங்கப்படுகிறது. சூடாக்க வேண்டியதில்லை. சாலையில் சிறு குழி கண்டால் ஒரு மூட்டையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிடவும். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தங்கள் உண்மையுள்ள, லெ. பிட்கெத்லி."

ஹெக்டர் மூட்டையை ஊன்றுகோலால் தட்டிப் பார்த்தான்.

"ஆறு வாரம். நாற்பது வீடு. ஒருத்தர்கிட்டயும் மண்வெட்டி இல்லையா, டைனா?"

"என்னை மட்டும் கேளு!" முர்டினாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எஃபி அதுமேலதான் பலகை போட்டு வச்சிருக்கா. கூடத்துக் கதவுக்கு முட்டே அதுதான், அஞ்சு வேட்பாளரும் அதைத் தாண்டித்தான் மேடைக்குப் போனாங்க. கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கே ஞாபகம் இல்ல. அவங்களைப் போய்க் கேளு!" என்று ஊர்ப் பக்கமாகக் கையை நீட்டினாள். துயரமும் லேசான கோபமும் கலந்து, முகம் சரியாக வந்திருந்தது.

ஹெக்டர் அந்த விரலையே பார்த்தான்.

"விரலை மடக்கு," என்றான். "தேர்தல் முடிஞ்சுபோச்சு."