கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் ஜாஸ்தி

இனிமேல் வீட்டுக்குள் ரொக்கம் என்று ஒரு பைசா நடமாடக் கூடாது. இருதயராஜ் இந்த வரலாற்று முடிவை எடுத்தது இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்துதான். காரணம், சமையல் மேடையில் புதுப்பெண் மாதிரி பளபளத்த மிக்ஸி.

"இது ஏது?"

"வாங்கினேன்," என்றாள் ஜாஸ்மின்.

"காசு ஏது?"

"வீட்டுச் செலவுல மிச்சம் புடிச்சேன்."

மிச்சம்! ஆம்பூர் பைபாஸில் ஏற்றுமதியில் கழித்துக் கட்டிய ஷூவும் செருப்பும் விற்கிறவன் அவன். இருபது வருஷமாக மிச்சம் பிடிக்கத் துரத்துகிறான். அது இவனைத் தாண்டி ஓடுகிறது. இவள் கையில் மட்டும் எப்படி நிற்கிறது? தருவது ஜாஸ்தி. வேறென்ன?

பத்தே நாளில் தன் கிரெடிட் கார்டுக்குத் துணையாக அவள் பேரில் ஒரு கார்டு வரவழைத்தான். குழந்தை யேசு சொரூபத்தை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திவந்து கொடுத்தான்.

"இனிமே காசைத் தொடாதே. இதைத் தேய். கரெக்டா கட்டிட்டா நாப்பத்தஞ்சு நாளைக்கு வட்டியே கிடையாது. மெசேஜெல்லாம் உன் போனுக்கு. பில்லு எனக்கு. நீ வாங்கற கொத்தமல்லி வரைக்கும் தெரிஞ்சுடும்."

"மீனு?"

"தேய்."

ஜாஸ்மின் கார்டோடு வாசலுக்குப் போனாள். மீன் கூடைக்காரி கெங்கம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? எங்கிட்ட தேய்க்கறதுக்கு செதில்தான் இருக்குது. போன்ல போடேன்."

"போன்ல போடணும்னா பேங்க்ல இருக்கணும். எனக்கு பதினேழு ரூபாதான் இருக்குது."

"பதினேழு ரூபாய்க்கு வாசனைதான் வரும். மோந்துக்கோ."

அந்த வாரம் முழுக்கப் பருப்பு. சூப்பர் மார்க்கெட்டில் தேய்த்து வாங்கிய துவரம் பருப்பு. இருதயராஜ் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சாப்பிட்டான். நிர்வாகம் என்றால் சும்மாவா?

கடையிலும் நிர்வாகம் சூடு பிடித்தது. மெஷினில் யார் கிரெடிட் கார்டு தேய்த்தாலும் நூற்றுக்கு இரண்டு ரூபாயும், அதற்கு மேல் ஜிஎஸ்டியும் பேங்க்காரன் உருவிக்கொள்கிறான். நான் ஏன் அழணும்? கல்லாவுக்கு மேலே அட்டை தொங்கியது: 'கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் ஜாஸ்தி.' படித்தவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டினார்கள்.

அடுத்த தெரு நசீமுன்னிசா மட்டும் நடையைக் கட்டவில்லை. மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாருக்கு நாற்பது ஜோடி செருப்பு. இருபத்தெட்டாயிரம்.

"கார்டுதான் அண்ணே."

"ரெண்டு பர்சன்ட் ஜாஸ்தி ஆவும், பரவால்லையா?"

"போட்டுக்கோங்க. எனக்கு இன்னா?"

அந்த 'எனக்கு இன்னா'வை அவன் கவனித்திருக்க வேண்டும். எங்கே கவனிப்பது! இருபத்தெட்டாயிரத்து ஐந்நூற்று அறுபது என்று மெஷினில் தட்டும்போதே விரல் டான்ஸ் ஆடியது. துபாயில் இருக்கிற அவள் மகனின் கார்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அவள் நாலு நம்பரைத் தட்டினாள். மெஷின் ரசீது துப்பியது. மறுநாள் கணக்கில் விழுந்த பணத்தை, பழைய சரக்குப் பாக்கிக்காக வாணியம்பாடி வாஹித் பாஷாவுக்கு அப்படியே அனுப்பிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்தான்.

"பேரமே பேசல ஜாஸ்மின்! இந்த மாதிரி பத்து கஸ்டமர் கிடைச்சா போதும்."

"கிடைப்பாங்க," என்றாள் ஜாஸ்மின்.

தட்டில் வஞ்சிரம் வறுவல். கெங்கம்மாள் மெஷின் வாங்கிவிட்டாளா என்று கேட்க வாயைத் திறந்தான். வறுவல் முந்திக்கொண்டது.

மாசம் முடிந்து பில் வந்தது. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தான். துவரம் பருப்பு வாங்கிய கடை. அதே கடை. மறுபடியும் அதே கடை. அப்புறம்... சொந்தக் கடையின் பேர்.

"ஜாஸ்மின்! நம்ம கடைல நீ இன்னாத்துக்குத் தேய்ச்சே?"

"நா எங்க தேய்ச்சேன்? நசீமுன்னிசா ரொக்கமா வெச்சிருந்தா. காசை எங்கிட்ட குடு, கார்டை எடுத்துட்டுப் போன்னேன்."

"என் செருப்பு, என் மெஷின், என் கார்டு. காசு மட்டும் உங்கிட்டயா?"

"கத்தாதீங்க. கவர்லதான் இருக்குது. மீனுக்கு மட்டும் கொஞ்சம் பிரிச்சேன்."

"இதுல ஐந்நூத்து அறுபது ரூபா ஜாஸ்தி வேற போட்டிருக்கான்! எந்தப் படுபாவி..."

பாதியில் நிறுத்தினான். படுபாவி அவன்தான். தன் பையிலிருந்து தானே ஐந்நூற்று அறுபதைப் பிடுங்கி, அதற்குக் கூலியாக பேங்குக்கு அறுநூற்றெழுபத்து நாலு கொடுத்திருந்தான்.

"வாஹித் பாஷாவுக்கு அனுப்பிட்டேனே! இதை நா எங்கேர்ந்து கட்டுவேன்?"

ஜாஸ்மின் பில்லை வாங்கினாள். கான்வென்ட் படிப்பு எதற்கு இருக்கிறது? கடைசிப் பக்கத்துப் பொடி இங்கிலீஷை மூச்சு விடாமல் படித்தாள்.

"கட்டலைன்னா மாசத்துக்கு மூணரை பர்சன்ட் வட்டி. லேட்டுக்குத் தனி. அதுக்கெல்லாம் ஜிஎஸ்டி. வாங்கின அன்னிலேர்ந்து கணக்காம். உங்க நாப்பத்தஞ்சு நாள் போச்சு."

இருதயராஜ் பில்லைப் பிடுங்கி அந்தப் பொடி எழுத்தைத் தேடினான்.

"பேஜார் ஆவாதீங்க. கவர்ல இருக்கறதையும் என் மிச்சத்தையும் போட்டு நானே கட்டறேன். ஆனா இனிமே வீட்டுக் காசும் கல்லாக் காசும் என் கைல. கார்டை நீங்களே வெச்சுக்கோங்க."

மூணரை பர்சன்ட்டை ஒரு தரம் பார்த்தான். மனைவியை ஒரு தரம் பார்த்தான். கல்லாச் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

மறுநாள் காலை சமையலறை வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தான்.

"ஜாஸ்மின், டீக்கு ஒரு இருபது ரூபா..."

"டீ பன்னெண்டு ரூபாதானே?" என்று எண்ணிக் கொடுத்தவள், அவன் படியிறங்கு முன்பே கூப்பிட்டாள்.

"இன்னாங்க! வரும்போது பில்லு வாங்கிட்டு வாங்க."