எல்லா அம்பும் ஒரே பெட்டிக்கு

மடிக்கணினியில் படம் விரிந்ததும் கிறிஷாந்த் அதைச் சட்டென்று தன் பக்கம் திருப்பிக்கொண்டான். நடுவில் ஒரு பெட்டி. நாலா பக்கமிருந்தும் அம்புகள் அதை நோக்கியே ஓடிவந்தன. பெட்டிக்குள் கொட்டை எழுத்தில் 'ஷெனாலி' என்றிருந்தது.

அந்த ஷெனாலி அடுத்த மேசையில் உட்கார்ந்து சீனிச்சம்பல் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாத்தளை டவுனில் இருக்கும் அவர்களுடைய அலுவலகம், மிளகும் கராம்பும் வாங்குகிற ஸ்டோர்களுக்கு நிறை பார்த்து ரசீது போடும் மென்பொருள் செய்கிறது. அதை இனி ஏ.ஐ. ஏஜென்டே திருத்தும் என்று முதலாளி நளீம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டு கைவைத்தால் ஒன்றைத் திருத்தப் போய் ஒன்பது கெடும். அதனால் எந்த ஃபங்ஷன், அதாவது நிரலின் எந்த வேலைத்துண்டு, எதைக் கூப்பிடுகிறது என்று முழு நிரலையும் அலசி, பெட்டியும் அம்புமாக ஒரு படம் வரைந்து அதன் கையில் கொடுக்க வேண்டும். கிறிஷாந்த் வரைந்துவிட்டான். அச்சொட்டாக வந்திருந்தது. அதுதான் வில்லங்கம்.

பிழையான நிறையைப் பிடிக்கிற ஃபங்ஷனுக்கு அவள் பெயரை வைத்தவனே அவன்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்தது. அவள் வேலை மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது. நிரலைத் திறந்தே பார்ப்பதில்லை என்று நம்பியிருந்தான். வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லாதவன் இப்படித்தான் எங்கேயாவது எழுதி வைப்பான்.

"கிறிஷாந்த், படம் ரெடியா? அழகமுத்து அண்ணன் வந்தீக்கிறாரு!" என்று உள்ளறையிலிருந்து நளீம் கூப்பிட்டார். அழகமுத்து கலேவெலயிலும் நாவுலயிலும் மிளகு ஸ்டோர் நடத்துபவர். பெரிய டீவியில் படத்தைக் காட்டி அவரை அசத்துவது நளீமின் திட்டம்.

"ஒரு நிமிசம் நானா!" அலுவலகத்தில் அண்ணன் முறை வைத்து எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஏஜென்டுக்குப் படபடவென்று தட்டினான்: "ஷெனாலிங்கிற பேர மாத்து. 'நிறைச் சோதனை'ன்னு வை."

பதில் உடனே வந்தது. "மாற்றிவிட்டேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் இருப்பதால், குழப்பம் வராதிருக்க 'நிறைச் சோதனை (முன்னாள் ஷெனாலி)' என்று வைத்துள்ளேன்."

"முன்னாளா? அட மாதாவே!" மறுபடியும் தட்டினான்: "படத்துல இருந்து அந்தப் பெட்டியையே தூக்கு!"

"தூக்கிவிட்டேன். அம்புகள் அனைத்தும் வெறுமையில் நின்றன. பார்ப்பவர்களுக்கு விளங்கும்படி 'இங்கே ஷெனாலி இருந்தார்' என்று எழுதியுள்ளேன்."

கறுப்புக் கட்டம் வேறு போட்டிருந்தது. மரண அறிவித்தல் கெட்டது போங்கள்! கிறிஷாந்த் திடுக்கிட்டு அடுத்த மேசையைப் பார்த்தான்.

"என்ன, பேயப் பாத்த மாதிரி பாக்குறீங்க?" என்றாள் ஷெனாலி.

"இல்ல... நீங்க நல்லா இருக்கீங்கதானே?"

"ஏன், எனக்கென்ன?"

மூன்றாவது தடவை தட்டினான்: "எல்லாத்தையும் பழையபடி ஆக்கு! கவனம், அந்தப் பெட்டி என் வாழ்க்கைப் பிரச்சினை!"

"பழையபடி ஆக்கிவிட்டேன். உங்கள் வாழ்க்கைப் பிரச்சினை என்பதால் பெட்டியைச் சிவப்பாக்கிப் பெரிதாக்கியுள்ளேன். நளீம் அவர்கள் கேட்டதற்கிணங்க டீவிக்கும் அனுப்பிவிட்டேன்."

உள்ளறையிலிருந்து, "மாஷா அல்லாஹ்! எல்லாரும் ஓடி வாங்க!" என்று சத்தம் கேட்டது.

கிறிஷாந்த் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடினான். அவனையும் முந்திக்கொண்டு ஷெனாலி ஓடினாள். டீவியைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்தது. பாய்ந்து ரிமோட்டை எடுத்து அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். டீவி அசையவில்லை.

"நானா, நிப்பாட்டுங்க! இது பிழையான படம்!"

"இருங்க புள்ள. கிறிஷாந்த், இதென்ன, நடுவுல இவ்வளவு பெரிசா ஷெனாலி?"

கிறிஷாந்த் டீவியையும் ஷெனாலியையும் மாறி மாறிப் பார்த்தான். வேலை போனால் தம்புள்ளையில் வேறொன்று தேடிக்கொள்ளலாம். இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால் எந்த ஊரில் போய்த் தேடுவது? நனைந்தது நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு?

"நான்தான் வச்சேன் நானா. அவங்க பேருதான் அது. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு... எனக்கு அவங்களப் புடிக்கும். இந்த ஒரு பேரத் தவிர வேற எந்த விளையாட்டும் நான் செய்யல, சத்தியமா!"

ஷெனாலி குனிந்த தலை நிமிரவில்லை. செத்த ரிமோட்டை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஆத்திரத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்றே அவன் நினைத்தான்.

"மன்னிச்சிருங்க ஷெனாலி. இப்பவே அழிச்சிர்றேன்."

அழகமுத்து மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு டீவியின் கிட்டே போனார். படத்தின் அடிப்பக்கத்தில், யாரும் கவனிக்காத ஒரு மூலையில் விரலை வைத்தார்.

"அவசரப்படாதீங்க தம்பி. எல்லா அம்பும் இந்தப் புள்ளகிட்ட போறது உங்க வேலைங்கிறீங்க, சரி. இந்தப் புள்ளகிட்ட இருந்து ஒரே ஒரு அம்பு கெளம்பி, கீழ 'கிறிஷாந்த்'னு ஒரு பெட்டிக்குப் போகுதே, அதப் போட்டது யாரு?"