சங்குத்திட்டின் ஒரே மறுப்பாளி

பேரகம் என்ற பெரிய நாட்டிலிருந்து பத்து நாள் பாய் விரித்துப் போனால் சங்குத்திட்டு என்ற தீவு வரும். இவ்வளவு தூரத்தில் கிடந்த தீவு எப்படிப் பேரகத்துக்குச் சொந்தமாயிற்று என்று கேட்டால், பேரகத்தார் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "அவர்களே கேட்டுக்கொண்டார்கள்." இப்படிச் சொல்கிற எவரையும் நான் நம்புவதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அது முழுப் பொய்யும் அல்ல. அதுதான் என்னை உறுத்துகிறது.

சங்குத்திட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் கிளம்புகிறேன் என்றால், வீட்டுக்காரர் மூன்று முறை "இருங்க" என்று சொல்ல வேண்டும். வந்தவர் மூன்று முறையும் மறுத்துவிட்டு எழுந்து போக வேண்டும். வந்தவர் மேல் பிரியம் இருந்தாலும் சரி, எப்போது தொலைவார் என்று இருந்தாலும் சரி, சொல்லியே ஆக வேண்டும். சொல்லாத வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். ஆட்டம் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கிற வரை இதில் ஆபத்து ஒன்றுமில்லை.

ஒரு நாள் பேரகத்துக் கப்பல் ஒன்று பாய்மரம் முறிந்து கரை ஒதுங்கியது. மரத்தைச் செப்பனிட ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை தீவார் மீனும் தங்க இடமும் கொடுத்தார்கள். புறப்படும் நாளில் கப்பல் தலைவர் விடைபெற வந்தார். ஊர்த்தலைவர் சடையப்பன் வழக்கப்படி மூன்று முறை "இருங்க" என்றார். கப்பல் தலைவர் மூன்றையும் எழுதிக்கொண்டார், கீழே கைநாட்டு வாங்கிக்கொண்டார், ஏற்றிய சாமான்களை மறுபடி இறக்கச் சொன்னார். "மக்களின் வற்புறுத்தலுக்கு இணங்கித் தங்குகிறோம்" என்று தலைநகருக்குக் கடிதம் போயிற்று. வழக்கம் தெரியாமல் செய்தாரா, ஒரு மாதம் இருந்து நன்றாகத் தெரிந்துகொண்டு செய்தாரா? இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது.

இப்படியாகச் சங்குத்திட்டு கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஆயிற்று. பேரகத்தில் ஜனநாயகம் உண்டு என்பதால் பத்தாண்டுக்கு ஒரு முறை வாக்கெடுப்பும் வந்தது. பேரகம் அனுப்பிய ஆணையர் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்காருவார். தீவார் ஒவ்வொருவராக வந்து நிற்க, "நாங்கள் புறப்படலாமா?" என்று பணிவோடு கேட்பார். ஒவ்வொருவரும் மூன்று முறை "இருங்க" என்பார்கள். முந்நூறு பேர் உள்ள தீவில் தொள்ளாயிரம் வாக்கு விழும்.

"பிடிக்கலன்னா போங்கன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று தீவாரைக் கேட்டால் அவர்கள் பதறிப்போவார்கள்.

"வந்தவுக மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? நாமளும் மனுசந்தானே? அவுகளாப் புரிஞ்சுக்கிட்டுப் போவணும்."

அவர்கள் புரிந்துகொள்வதற்காகத் தீவு நாற்பது ஆண்டு காத்திருந்தது.

அதற்குள் ஆணைகள் வந்தன. தீவில் நல்ல தண்ணீர் கிடைப்பது மேற்குப் பாறை ஊற்றில் மட்டும். அதை மாசிலிருந்து காப்பதற்காக வேலி போட்டார்கள். பிறகு, பரிசோதிக்காத தண்ணீரைக் குடிமக்களுக்குத் தருவது அறமாகாது என்று சொல்லி, ஊற்றுத் தண்ணீரைப் பீப்பாயில் அடைத்துப் பேரகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே முத்திரை குத்தி அதே பீப்பாயைத் திருப்பி அனுப்புவார்கள். போக வர இருபது நாள், முத்திரைக்கு ஒரு மாதம். திரும்பி வரும் தண்ணீரில் புழு நெளியும். வடிகட்டலாம் என்றால் அதற்கும் ஓர் ஆணை இருந்தது: முத்திரையிட்ட பீப்பாயில் உள்ளவை அனைத்தும் பேரரசின் உடைமை, அவற்றில் எதையும் நீக்குவது இறையாண்மையில் கை வைப்பதாகும்.

சங்கு குளிக்கும் முத்திருளாயிக்கு எட்டு வயதில் பவளக்கொடி என்று ஒரே மகள். அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைக்கு வயிறு வீங்கி, கால் குச்சியாகிவிட்டது. முத்திருளாயி ஆணையர் நற்சொல்வேந்தரிடம் போனாள்.

"ஐயா, ஊத்துல ஒரு கொடம் மொண்டுக்கிறேன். புள்ள செத்துரும்போல இருக்கு."

"அம்மணி, தங்கள் துயரம் எம்மை வாட்டுகிறது. ஆயினும் பரிசோதிக்கப்படாத நீரைத் தங்கள் மகளுக்குத் தந்து அவள் உயிருடன் விளையாட எம் மனசாட்சி இடம் தரவில்லை" என்றார் ஆணையர். அவர் பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் ஒரு கூஜாவில் இருந்தது.

அந்த ஆண்டு வாக்கெடுப்பில் முத்திருளாயி நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நாங்கள் புறப்படலாமா?"

"போங்க" என்றாள் அவள்.

சடையப்பனின் மகன் ஓடி வந்து ஆணையர் காலடியில் துண்டைப் போட்டான். "ஐயா மன்னிச்சுக்கிருங்க. புள்ள நோவுல புத்தி கலங்கிப் பேசுது. நீங்க இருங்க." மானம் போய்விட்டதே என்ற பதற்றத்தில் மற்றவர்கள் நாலு தடவை, ஐந்து தடவை சொன்னார்கள். பேரகத்துக்கு அதுவரை கிடைக்காத பெரிய வெற்றி அது.

மறுநாள் முத்திருளாயியின் குடிசைக்கு ஆணையரே வந்தார். கைது செய்ய வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ கும்பிட்டார்.

"அம்மணி, ஒருவர்கூட எங்களை எதிர்க்காததைக் கண்டு அயல்நாடுகள் ஐயுற்றன. தாங்கள் எம் மானத்தைக் காத்தீர்கள். இன்று முதல் தாங்கள் அரசாங்க மறுப்பாளி. வேலிக்கு உள்ளே வீடு உண்டு. ஊற்றுநீர் வேண்டிய மட்டும் உண்டு. பத்தாண்டுக்கு ஒரு முறை இதையே உரக்கச் சொன்னால் போதும்."

"அம்புட்டுத்தானா?"

"ஒரே ஒரு விதி. இச்சிறு தீவுக்கு ஒரு மறுப்பு போதுமானது. இரண்டாவது ஒருவர் மறுத்தால் அது கலகம். பதவி நீங்கும், வீடும் நீரும் நீங்கும்."

முத்திருளாயி மகளின் வயிற்றைப் பார்த்தாள். சரி என்றாள். யோக்கியன்போல எழுதிக்கொண்டிருக்கும் நானும் அப்போது சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு மாதத்தில் பிள்ளையின் வீக்கம் வடிந்தது. வேலிக்கு வெளியே அந்த ஆண்டு ஒன்பது பிள்ளைகள் செத்தன.

பத்தாண்டு கழிந்தது. பவளக்கொடிக்குத் திருமணமாகி, கையில் ஒரு வயதுக் குழந்தை. அவள் பகலெல்லாம் வேலிக்கு வெளியே திரிந்து, செத்த பிள்ளைகளின் தாய்மாரோடு பேசியிருக்கிறாள். வாக்கெடுப்பன்று காலையில் தாயிடம் சொன்னாள்.

"ஆத்தா, இன்னிக்கு நானும் போங்கன்னுதான் சொல்லுவேன். நான் சொன்னா எனக்குப் பின்னால நாப்பது பேரு சொல்லுவாக. மொத ஆளா நின்னு சொல்ல ஒருத்தி வேணும், அவ்வளவுதான்."

முத்திருளாயி குழந்தைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரையில் மறுப்பாளிக்குக் குடை நிழலில் தனி நாற்காலி. அவள் முறை கடைசியில்தான். பவளக்கொடி குழந்தையோடு ஆணையர் முன்னால் வந்து நின்றாள். பின்னால் நாற்பது பெண்கள் நின்றார்கள்.

"நாங்கள் புறப்படலாமா?"

பவளக்கொடி வாயைத் திறந்தாள்.

"பவளம்" என்று குடை நிழலிலிருந்து குரல் வந்தது. "இருங்கன்னு சொல்லு."

"ஆத்தா!"

"ஒம்புள்ள நாளைக்கு எதக் குடிக்கும்? சொல்லுடி."

பவளக்கொடி தாயையே பார்த்தபடி நின்றாள். குழந்தை சிணுங்கியது. "இருங்க" என்றாள். இன்னும் இரண்டு முறை சொன்னாள். பின்னால் நின்ற நாற்பது பேரும் தலை குனிந்துகொண்டு சொன்னார்கள்.

எல்லாரும் முடித்ததும் முத்திருளாயி எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள். கடற்கரை முழுக்கக் கேட்கும்படி "போங்க" என்றாள்.

ஆணையர் எழுந்து நின்று கை தட்டினார்.