பேரலல் சாயாத பட்டறை

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அடுத்ததாக, இந்தோனேசியாவின் சிக்காராங் தொழிற்பேட்டையில் பாக் குன்ச்சோரோவைக் கண்டது. உலோகம் செதுக்கும் மில்லிங் பட்டறை ஒன்றின் 'தொடர் மேம்பாட்டு' அதிகாரி அவர். எதையும் மேம்படுத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அவர் கண்ணை உறுத்தியது பேரலல். ஒரே உயரமுள்ள இரண்டு எஃகுப் பட்டைகள். மிஷினில் உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடைகளையும் ஒட்டி ஆளுக்கொரு பக்கம் நிறுத்தி, மேலே வேலைக்கட்டியை வைத்து இறுக்க வேண்டும். கட்டியை எடுத்ததும் பட்டைகள் சாய்ந்து விழும். விழாமலிருக்க, ஒப்பந்தத் தொழிலாளி சர்ப்பின், மத்தியானச் சோற்றுப் பொட்டலங்களின் ரப்பர் வளையங்களை உருண்டையாகக் கட்டி நடுவில் திணித்திருந்தான்.

"இது என்னப்பா?"

"ரப்பர் சார். மேல இருக்கறது நேத்து முட்டை, உள்ள இருக்கறது போன மாசத்து சோயா டெம்பே."

"இவ்வளவு பெரிய மிஷின்ல சோத்துப் பொட்டலமா?"

"சோத்த நான் தின்னுட்டேன் சார். இது வெறும் ரப்பர்."

அன்றே 'பேரலல் நிலைநிறுத்தக் குழு' வாழைப்பழ பஜ்ஜியுடன் கூடியது. ரப்பர் 'அந்நியப் பொருள்' என்று விலக்கப்பட்டது. பேரலலை இனி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தவிர, ஒவ்வொரு கருவியிலும் 'சரிபார்க்கப்பட்டது' ஸ்டிக்கர்.

"பேரலல் ரெண்டாச்சே சார், ரெண்டு ஒட்டவா?" என்றார் கிடங்குக்காரர்.

"ஜோடிக்கு ஒரே நம்பர்தானே? ஒரு நம்பர், ஒரு ஸ்டிக்கர்."

"எண்ணெய் பட்டா உரிஞ்சிருமே?"

"அடியில ஒட்டுங்க."

இரண்டு கால்களில் ஒன்றுக்கு மட்டும் செருப்பு மாட்டியாயிற்று என்பது குழுவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பஜ்ஜி அவ்வளவு நன்றாக இருந்தது.

அந்த வாரம் செய்த கட்டிகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருந்தன. வாங்கும் கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டு, பின்னாலேயே தன் பிரதிநிதியையும் அனுப்பியது. ஆர்டர் ஊசலாடியது. ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் சர்ப்பினும் ஊசலாடினான்.

கூட்டத்துக்குச் சற்று முன்பு குன்ச்சோரோ தனியாக வைஸருகே போனார். ஒரு பட்டையைப் புரட்டினார். அடியில் அவருடைய ஸ்டிக்கர். உண்மையைத் தேடிச் செல்பவர்கள் அதைக் கண்டதும் செய்யவேண்டியதை அவரும் செய்தார்: நகத்தால் உரித்தார். அதற்குள் காலடிச் சத்தம். கையைச் சட்டைப் பையில் விட்டு ஸ்டிக்கரை உதறிக்கொண்டே கூட்டத்துக்கு விரைந்தார்.

இயக்குநர் இபு விடோவதி, பிரதிநிதியையும் சர்ப்பினையும் எதிரே வைத்துக்கொண்டு நேராகவே கேட்டார். "யார் பண்ண தப்பு இது?"

குன்ச்சோரோ நல்ல ஜாவானியக் குடும்பத்தில் பிறந்தவர். ஒருவரை ஆட்காட்டி விரலால் சுட்டுகிற அநாகரிகம் அவருக்கு வராது. நான்கு விரல்களையும் மடக்கி, பெருவிரலைப் பணிவாகச் சர்ப்பின் பக்கம் நீட்டினார்.

"இவன்தான் மேடம். மறுபடியும் ரப்பரத் திணிச்சிருக்கான்."

"ஐயோ, இல்லீங்க மேடம்! விரலால பிடிச்சுப் பிடிச்சே என் விரல் வீங்கிக் கெடக்கு, பாருங்க." சர்ப்பின் கையைத் தூக்கிக் காட்டினான். பிறகு அவன் கண் எதிரே நீண்டிருந்த விரலுக்குப் போனது. "என் விரல் கெடக்கட்டும் சார். உங்க விரல்ல என்ன எழுதியிருக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். பெருவிரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருந்தது ஸ்டிக்கர். பிரதிநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. இபு விடோவதி குனிந்து நிதானமாக, உரக்கவே வாசித்தார்.

"பேரலல் ஜோடி. சரிபார்க்கப்பட்டது. ஒப்புதல், குன்ச்சோரோ." நிமிர்ந்தார். "சரிபார்த்து ஒப்புதலும் குடுத்தாச்சு. அப்புறம் என்ன, தப்பு பேரலல்ல இல்ல, ஆளுலதான். முடிச்சிரலாம்."

ஆர்டர் கைவிட்டுப் போகாமல் தப்பியது. சர்ப்பினின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சோற்றுப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் வாசலைத் தாண்டியபோது, காவலாளி அவன் பையைச் சோதித்து, பொட்டலத்தின் ரப்பர் வளையத்தை மட்டும் பறிமுதல் செய்தார்.

பாக் குன்ச்சோரோவும் இபு விடோவதியும் இன்றுவரை ஆளுக்கொரு பக்கம் சாயாமல் நிற்கிறார்கள். அந்தப் பட்டறையின் விதி தெளிவானது: நடுவில் திணிக்க ரப்பர் கூடாது. ஆளைத் திணிக்கலாம்.