நானே நிரப்பிய பத்து இடம்

மாதனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய பார்த்திபன் அண்ணனுக்கு, தங்கை சோபனா வணக்கத்தோடு எழுதுவது. நீங்களும் சந்திரா அண்ணியும் பெங்களூரில் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே நான் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள். போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்பதால் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது, கறுப்பு வெள்ளைக் கல் வைத்து ஆடும் அந்த கோ விளையாட்டுப் பலகையைக் கொடுத்து, எதிராளி கல்லைச் சுற்றி வளைத்து எடு என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அதை நம்பி எங்கள் ஷூ கம்பெனி கேன்டீன் போட்டியில் பேர் கொடுத்து, வெள்ளிக்கிழமை கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டேன். எதிரில் மஹ்பூபி, பதினோரு வருஷமாக கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரி. ஜெயிப்பவருக்குச் சென்னையில் இரண்டு நாள் போட்டி. கல்யாணமானதிலிருந்து நான் தனியாக வேலூரைத் தாண்டியதில்லை. புடவைக்கு ஃபால்ஸ் வைத்து, வீட்டுக்காரருக்கு ரசம் வைக்கக்கூடக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

அவள் கல் ஏழு எடுத்தேன். அவள் என்னுடையதில் ஒன்றுகூட எடுக்கவில்லை. திடீரென்று கையைக் கட்டிக்கொண்டு, கல் வைக்காமல் "பாஸ்" என்று தன் முறையை விட்டுவிட்டாள். தோத்துட்டா, பாவம் என்று நினைத்தேன். நான் வளைத்த இடம் காலியாகக் கிடந்தது. பஸ்ஸில் சீட்டைக் காலியாக விட்டால் அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள் இல்லையா, அதனால் ஒவ்வொரு கல்லாக வைத்து அடைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் பாஸ் என்க, எனக்குக் குஷி ஜாஸ்தியாகிவிட்டது. பத்துக் கல் வைத்ததும் சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடிக்க, நானும் பாஸ் சொன்னேன். இரண்டு பேரும் பாஸ் சொன்னால் ஆட்டம் முடிந்ததாம். ஹெச்.ஆர். நவீன்குமார் சார் எண்ணினார். வளைத்த காலி இடத்துக்குத்தான் புள்ளியாம், அதில் நானே கல் வைத்தால் எனக்கே குறையுமாம், சும்மா இருந்திருந்தால் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருப்பேனாம், இப்போது ஐந்தில் தோற்றுவிட்டேனாம்.

நாற்பது பேர் எதிரில் மஹ்பூபியைப் பார்த்து, திருட்டு ஆட்டம் ஆடிட்டே என்று கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். "நான் இன்னா எடுத்தேன் சோபனா? உன் எடத்த நீயே அடச்சிகினு இருந்த. இப்ப நிறுத்துவ, அப்ப நிறுத்துவன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். சாயங்காலம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கத்து சீட்டு மாதனூர் வரைக்கும் காலியாகவே வந்தது.

உங்கள் அரைகுறைப் பாடத்தால் சென்னையும் போச்சு, தோஸ்தும் போச்சு. இனி அந்தப் பலகையைத் தொட மாட்டேன். அண்ணிக்கு என் அன்பு. உங்களுக்கு மரியாதை மட்டும்.

சோபனா

பின்குறிப்பு: பலகையைப் பரணில் போடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு தாள்: "முக்கியம். வளைத்த காலி இடம்தான் உன்னுடையது. அதை நீயே நிரப்பாதே." மூன்று மாதமாக நான் பார்க்கவில்லை. திரும்ப எழுதத் தெம்பில்லை, மேலே உள்ளதை அப்படியே அனுப்புகிறேன். மஹ்பூபியிடம் என்ன சொல்வது என்றும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். இந்த முறை அடியில் வைக்காதீர்கள்.