சம்பந்திக்குப் போட்டுக் காட்டிய இத்தாலிப் படம்

மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளூரில் உட்கார்ந்திருக்கிற தகப்பனுக்கு, அந்த நாட்டுப் பெயர் எங்கே கேட்டாலும் காது தானாகத் திரும்பிவிடும். டிவி செய்தியில் இத்தாலி என்று சொன்னால் நான் கல்லாவை விட்டு எழுந்து வந்து நிற்பேன். அங்கே வெள்ளமா, தேர்தலா என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். பின்னால் ஒரு தெரு தெரிகிறதா, அதில் என் மகன் மணி போகிறானா, அவ்வளவுதான். (நான் எட்டாவது வரை படித்தவன். இத்தாலி எவ்வளவு பெரிசு என்று வாத்தியார் சொன்ன அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.)

கறம்பக்குடியில் கயிறும் சாக்கும் விற்கிற கடை எனக்கு. மணி அங்கே டூரின் என்கிற ஊரில் ஒரு ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கிறான். "தெரு நெடுக தூண் வச்சு மேல மூடியிருக்காகப்பா. மழை பெஞ்சாலும் நனையாம ஊரைச் சுத்தலாம்" என்று ஒருதடவை போனில் சொன்னான். அதிலிருந்து பிரதோஷத்துக்குத் திருவரங்குளம் கோயிலுக்குப் போனால், சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பிராகாரத்துத் தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இப்படித்தான் இருக்குமோ?

அவன் அனுப்புகிற போட்டோவில் ஊரே தெரியாது. கையை நீட்டித் தன்னைத்தானே எடுப்பான். முக்கால்வாசி மூஞ்சி, மிச்சத்தில் ஒரு ஃபிரிட்ஜ். வேலை முடிந்து அலுத்து வருகிற பிள்ளையிடம் தெருவைக் காட்டு என்று கேட்க எனக்கு வாய் வராது.

அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தோம். எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். கொல்லை, சமையல்கட்டு வரைக்கும் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது நம் வீட்டில் சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு கிளம்பிவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு குடும்பமும் தண்ணீரோடுதான் கிளம்பின. "வீடு நல்லாத்தாங்க இருக்கு. ஆனா எங்க பிள்ளை இருக்கப்போறது இங்கிட்டு இல்லையே. அந்த ஊரைக் கண்ணால பாக்காம எப்படிங்க குடுக்கறது?"

அடுத்து வந்தது திருவரங்குளத்து முத்தையாவின் மகள் திவ்யா. மணிக்கும் அந்தப் பெண்ணுக்கும் போனில் பேசியே ஒருவரையொருவர் பிடித்துப்போனது. இதுவும் தட்டிப்போனால் பையன் இனி கல்யாணப் பேச்சையே எடுக்கமாட்டான் என்று என் மனைவி செல்வி வேண்டாத சாமி இல்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. (என் வாழ்க்கையின் கெட்ட காரியங்கள் எல்லாம் இந்த வரியில்தான் ஆரம்பிக்கும்.) நேரே செல்போன் கடைத் தம்பியிடம் போனேன்.

"டூரின்ல எடுத்த படம் ஒண்ணு வேணும் தம்பி. ஊரு நல்லாத் தெரியணும்."

"போட்டோவா எடுத்துத் தாரேனே?"

"போட்டோவுல ஊரு சும்மா நிக்கும்ப்பா. எனக்கு ஆளுக நடக்கற ஊரு வேணும்."

"புதுப்படமா, பழசா?"

"பழசே குடு. பழசுன்னா பெரியவுகளோட உக்காந்து பாக்கலாம்."

பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து போட்டேன். கடவுளே, மணி சொன்ன தூண்கள்! புறா, நீரூற்று, வெயிலில் காபி குடிக்கிற பெண்கள். தூண்களுக்கு நடுவே நீளக் கோட்டுப் போட்ட ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனான். தோளை லேசாகச் சாய்த்து, அப்படியே மணியின் நடை. ஐம்பது வருஷத்துப் படத்தில் என் மகன் எப்படி நடப்பான்? புத்திக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப அவன் போவதையே போட்டுப் பார்த்தேன். கண் நிறைந்து திரை மங்கிவிட்டது. அதற்குமேல் படம் பார்க்கவில்லை. அதுதான் வினை.

முத்தையா, அவருடைய மனைவி, முத்தையாவின் அக்கா மூவரும் வந்தார்கள். செல்வி நல்ல காரியம் என்று டிவி மேல் ஒரு முழம் மல்லிகை போட்டு, ஓரத்தில் சந்தனம் குங்குமமும் வைத்திருந்தாள். நான் எழுந்து நின்று, "எம் மகன் இருக்கற ஊரை இப்பப் பாக்கப்போறீங்க" என்றேன். சொந்த ஊர் மாதிரி விளக்கம் வேறு.

"தெரு சுத்தமா இருக்கு" என்றார் முத்தையா. அவர் மனைவி தலையாட்டினார். என் நெஞ்சு குளிர்ந்தது.

"அந்தா, கோட்டுப் போட்டுப் போறாருல்ல? அவரு நடை அப்படியே எங்க மணி நடைங்க!"

மூவரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பார்ப்பது போலவே அவனைப் பார்த்தார்கள். அவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கறுப்புத் தோல் கையுறையை விரல் விரலாக மாட்டினான்.

"அது என்னங்கண்ணே?" என்றார் அக்கா.

"குளிர் ஊருல்ல? உறை போடுவாக."

சட்டைப்பையிலிருந்து சவரக்கத்தியை எடுத்து விரித்தான்.

"அது?"

"சவரம் பண்ணப்போறாரு போல" என்றேன்.

தாலாட்டு மாதிரி ஒரு பெண் குரல் 'லா லா' என்று பாடியது. அடுத்து ஒரு அலறல். மல்லிகைச் சரத்துக்குக் கீழே, எங்கள் வீட்டுக் கேட்டுக்கு அடித்த பெயிண்டு நிறத்தில் ரத்தம் ஓடியது. நான் பாய்ந்து போய்த் துண்டை விரித்து டிவியை மூடினேன். படம் மறைந்தது, அலறல் மறையவில்லை. அந்த நேரம் பார்த்து செல்வி கேசரித் தட்டோடு வந்து, "எப்படிங்க, ஊரு பிடிச்சிருக்கா?" என்றாள்.

முத்தையா எழுந்தார். "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க." கேசரியை யாரும் தொடவில்லை. அக்கா மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி, "அண்ணே, அவன் ஏன் அந்தப் புள்ளையக் கொன்னான்?" என்றார். முத்தையா கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

"ஊருல எவனாச்சும் தான் பெத்த பிள்ளைய அடுத்தவுகளுக்குக் கொலகாரன்னு காட்டுவானா?" என்று செல்வி அழுதாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மணியிடம் எப்படிச் சொல்வது? அப்பனே அரங்குளநாதா, என் புத்தியில் கொஞ்சம் திருநீறு போடு என்று புலம்பிக்கொண்டே கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வந்தது. "மாமா, நான் திவ்யா. அன்னைக்கு அங்க வந்த எங்க அத்தை படத்தை நடிச்சே காமிச்சாக. சிரிச்சு சிரிச்சு வயிறு வலி."

"உங்கப்பா என்னம்மா சொல்றாரு?"

"அவரு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தாரு. நான் உங்க மகன்கிட்டயே வீடியோ போன்ல ஊரைக் காட்டச் சொல்லிட்டேன். லீவு நாளுல ஒரு மணி நேரம் நடந்து நடந்து காட்டுனாக மாமா. மழையில அந்தத் தூணுக்கடியிலயே வந்தாக. அப்பாவும் கூட உக்காந்து பாத்தாரு. நாளைக்கு அப்பாவும் அம்மாவும் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாராக."

நான் வருஷக்கணக்காக மனசுக்குள் வைத்து உருட்டியதை அந்தப் பெண் ஒரு வார்த்தையில் கேட்டு வாங்கிவிட்டாள். சந்தோஷம்தான். "நீங்களும் கேட்டிருக்கலாம்ல?" என்றாள் செல்வி. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாழையிலை வாங்கக் கிளம்பினேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. போன தையில் திவ்யாவும் கிளம்பிப் போனாள். திருச்சி ஏர்போர்ட்டில் முத்தையா அழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் மறைந்த பிறகும் நகரவும் இல்லை.

சொந்தக்காரர்கள் இன்றைக்கும் எங்களைக் 'கொலகாரன் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "இங்கயும் படம் உண்டா?" என்று ஒரு குரல் வரும். பிள்ளைகள் போனில் வருவார்கள்; ஆனால் அதற்கு அவர்களுக்கு நேரம் வாய்க்க வேண்டும்.

ஞாயிறானால் முத்தையா திருவரங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறார். ஒரு வாரம் பலாப்பழம், ஒரு வாரம் கடலை. மழையைப் பற்றிப் பேசுவார், கயிறு விலை கேட்பார், நடுநடுவே அணைந்து கிடக்கிற டிவியைப் பார்ப்பார். செல்விதான் காபியை வைத்துவிட்டுச் சொல்வாள்:

"படத்தைப் போடுங்க. அந்த ஊரைப் பாக்கத்தானே சம்பந்தி இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. கொலை வர்றதுக்கு முன்னாடி நிறுத்திப்புடுங்க."